மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'அரும்பு' நிலையில் இருந்தால் என்ன அர்த்தம்? எண்ணும் எழுத்தும் திட்டம் பற்றிக் கடற்கரைப் பெற்றோருக்கு

"என்ன டீச்சர், எப்பப் பார்த்தாலும் பாட்டும் ஆட்டமுமா இருக்கு. பாடம் எப்ப நடத்துவீங்க?" ராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை தொடக்கப் பள்ளி வாசல்களில் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் மேல் தப்பில்லை. அவர் படித்த காலத்தில் பாடம் என்றால் கரும்பலகை, பிரம்பு, வாய்ப்பாடு. இப்போது பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து சிப்பியை எண்ணிக்கொண்டிருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். அதைவிடப் பெரிய கவலை இன்னொன்று: "மூணாப்புப் பையனை அரும்புல உட்கார வச்சிருக்காங்களே, ஒன்னாப்புக்கு இறக்கிட்டாங்களா?"

இறக்கவில்லை. பதிவேட்டில் அவன் மூன்றாம் வகுப்புதான். ஆண்டு முடிந்தால் நான்காம் வகுப்புக்குப் போவான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பு வேறு, நிலை வேறு.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. இடையில் ஒன்றாம் வகுப்பில் எழுத்தே பழகாத பிள்ளை வயதுக் கணக்கில் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டது. அந்தப் பள்ளத்தை அடைக்கவே 2022 ஜூன் 13-ல், பள்ளி திறந்த அன்றே, தமிழக அரசு இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும். இதை 2025-க்குள் எட்ட வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது. 2023-24-ல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளையும் சேர்த்தார்கள்.

செயல்பாடு வழியாகப் படிப்பது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08-ல் மாநிலம் முழுக்கப் பரவியது. அட்டை, ஏணிப்படி, தாழ்வான கரும்பலகை எல்லாம் இன்றைய இளம் பெற்றோர் சிலர் பார்த்தவைதான். அதில் படித்தவர்களே இப்போது வாசலில் நின்று "இதெல்லாம் என்ன புதுசா?" என்று கேட்பது கொஞ்சம் வேடிக்கை.

சரி, நிலைக்கு வருவோம். ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகச் சோதிக்கிறார். எழுத்து தெரிகிறதா, சொல் வாசிக்கிறதா, எண்ணை அடையாளம் காண்கிறதா என்று பார்க்கிறார். அதன்படி மூன்று நிலைகள்: ஒன்றாம் வகுப்புக்குரிய கற்றலில் இருந்தால் அரும்பு, இரண்டாம் வகுப்புக்குரியதில் இருந்தால் மொட்டு, மூன்றாம் வகுப்புக்குரியதில் இருந்தால் மலர். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது மாதிரி இது. இன்றைய அளவுதான், நாளை மாறும். தமிழில் மலரில் இருக்கும் பிள்ளை கணக்கில் மொட்டில் இருக்கலாம். அதிலும் தப்பில்லை. ஆண்டு முழுக்க ஒரு பிள்ளை அரும்பிலேயே உட்கார்ந்திருந்தால் மட்டும் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். நிலையின் பெயரைக் கேட்டு யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. நிலை நகர்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் கரையோரத்தில் இரண்டு ஆசிரியர் மட்டும் இருக்கும் சிறு பள்ளிகள் நிறைய. அங்கே பெரும்பாலும் ஒரு ஆசிரியர் ஒன்று முதல் மூன்று வரையும், இன்னொருவர் நான்கையும் ஐந்தையும் பார்ப்பார். முதல் அறையில் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். பாட்டும் கதையும் எல்லோருக்கும் ஒன்று. அப்புறம் நிலைவாரியாகப் பிரிந்து அவரவர் பயிற்சி நூலில் வேலை. ஆசிரியர் ஒரு குழுவோடு உட்காரும் நேரத்தில் மற்ற இரண்டு குழுக்களும் தாமாகச் செய்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சந்தைக்கடைச் சத்தம். அந்தச் சத்தம்தான் திட்டம். அறையின் ஓரங்களில் பாடல், கதை, படித்தல், படைப்பு, பொம்மலாட்டம் என்று களங்கள் இருக்கும். படித்தல் களத்தில் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் கிடக்கும். அவையும் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக ஏறும்.

இதில் என்ன லாபம் என்று பார்க்க ஒரு கழித்தல் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஏலக் கூடத்தில் ஆத்தாளோடு நின்று, ஐம்பது ரூபாய்க்கு மீன் வாங்கியவர் நூறு நீட்டினால் மீதியை வாயால் சொல்லும் பிள்ளை நம் ஊரில் ஏராளம். அதே பிள்ளை நோட்டில் 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் திணறும். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 35 என்று எழுதும். 'கடன் வாங்கு' என்று கத்தினால் புரியாது. ஆசிரியர் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டு வைத்திருப்பார். நாலு கட்டு, இரண்டு உதிரி. பதினேழு எடு என்பார். ஒரு கட்டை எடுத்துவிடலாம், ஏழு உதிரிக்கு எங்கே போவது? பிள்ளையே ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றும். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. எடுத்தது போக இரண்டு கட்டு, ஐந்து உதிரி. ரப்பரைக் கழற்றிய கை பிறகு நோட்டில் எழுதும்போது தடுமாறாது. குச்சிக்குப் பதில் சிப்பியோ சோழியோ வைக்கலாம், ஆனால் கட்டுப் போடக் குச்சிதான் வசதி.

எழுத்துக்கும் அப்படித்தான். பாடநூலில் இல்லாத நகரை, சூடை, காரல், முரல், கணவாய் என்ற மீன் வகைகள் எல்லாம் நம் பிள்ளைக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அந்தப் பெயர்களைச் சுவரில் எழுதி வைக்கும் ஆசிரியருக்குப் பாதி வேலை மிச்சம். இதற்குத் தனி உத்தரவு எதுவும் வேண்டாம்.

"டீச்சர் எந்நேரமும் போனையே பார்க்கிறாங்க" என்று ஒரு குறை உண்டு. பிள்ளைகளின் வருகை, மதிப்பீடு எல்லாவற்றையும் கல்வித்துறைச் செயலியில்தான் பதிவேற்ற வேண்டும். பாடம் நடக்கும்போதே அவ்வப்போது பார்க்கும் வளரறி மதிப்பீடும், பருவ இறுதியில் மொத்தமாகப் பார்க்கும் தொகுத்தறி மதிப்பீடும் அதில்தான் ஏறும். இந்தப் பதிவு வேலை பாட நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்களே தொடர்ந்து சொல்லி வருகின்றன. என் கணக்கில் அது நியாயமான புகார்தான். கோபத்தை டீச்சர் மேல் காட்டிப் பயனில்லை.

இப்படிச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல, சட்டத்திலேயே இருக்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29-வது பிரிவில் செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகப் பிள்ளை கற்க வேண்டும் என்கிறது. பயமும் பதற்றமும் இல்லாத வகுப்பறை வேண்டும், முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். 17-வது பிரிவு அடிப்பதையும் மனம் நோகத் திட்டுவதையும் தடை செய்கிறது. "நாலு போடு போடுங்க டீச்சர், அப்பத்தான் படிப்பான்" என்று பெற்றோரே அனுமதி கொடுத்தாலும் அது செல்லாது. ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வருகிறது என்று 2019-ல் ஒரு பேச்சு கிளம்பி, 2020 பிப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் பெயிலாக்கி நிறுத்துவதில்லை.

நம் பக்கத்துப் பெரிய சிக்கல் பள்ளிக்கு வராத நாட்கள். சாயல்குடிப் பக்கம் பதநீர்க் காலம் வந்தால் குடும்பத்தோடு பனந்தோப்புக் குடிசைக்குப் போய்விடுவார்கள். கரிமூட்டம் போட ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள் உண்டு. வேறு மாவட்டக் கரைக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள் உண்டு. கடல்பாசி எடுக்கும் அம்மா கடலுக்குப் போனால், தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நிற்பாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளைக்கு மற்றவர்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து கொடுத்தால் ஒன்றும் ஓடாது. விட்ட இடத்திலிருந்து தொடங்க இந்த நிலை முறை இடம் கொடுக்கிறது. வெட்கப்பட்டு அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள்.

இடம் மாறிப் போகிறீர்கள் என்றால் கல்வி உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். 5-வது பிரிவின்படி, பிள்ளையை வேறு அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றக் கேட்டால் தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். சான்றிதழ் வர நேரமானது என்று புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவும் முடியாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ ஆண்டு நடுவில் வந்ததற்காகவோ திருப்பி அனுப்பக் கூடாது. இவை 14, 15-வது பிரிவுகள். படிப்பை விட்ட பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுத்து ஈடுகட்ட வேண்டும் என்கிறது 4-வது பிரிவு. ஒன்பது வயதுப் பெண்ணை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கத் தேவையில்லை. நான்காம் வகுப்பில் சேர்ந்து, தன் நிலையில் படிக்கலாம்.

ஆசிரியர் எண்ணிக்கைக்கும் அதே சட்டத்தில் கணக்கு உண்டு. ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு பேர், 61 முதல் 90 வரை மூன்று பேர், 91 முதல் 120 வரை நான்கு பேர். 65 பிள்ளைகளுக்கு இரண்டு பேர்தான் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் ஊர்களில் கையெழுத்து வாங்கிவிட்டுக் கூட்டம் நடந்ததாக எழுதிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நேரில் போய் உட்காருங்கள்.

புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி, வண்ணப் பென்சில் எல்லாம் இலவசம், இவற்றுக்குக் காசு கேட்டால் தர வேண்டாம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க நடக்கிறது. விடியுமுன் ஏலத்துக்குப் போகும் அம்மாக்கள் இதை நம்பலாம். பிள்ளையை நேரத்துக்கு அனுப்பினால் போதும்.

டீச்சரைப் பார்க்கப் போகும்போது "என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "நல்லாப் படிக்கிறான்க்கா" என்று பதில் வந்துவிடும். தமிழில், ஆங்கிலத்தில், கணக்கில் எந்த நிலை, போன பருவத்தில் எந்த நிலை, அடுத்த நிலைக்குப் போக எது தடுக்கிறது என்று கேளுங்கள். பயிற்சி நூலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் பிள்ளையுடையது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட வெற்றுப் பக்கத்தை அடையாளம் காண முடியும். வீட்டில் கதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டால் அதுவே பெரிய உதவி.

அப்பாக்களுக்கு ஒரு வசதி. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பெரும்பாலான ஆண்டுகளில் பள்ளி திறப்பதும் நிலை பார்ப்பதும் அதன் கடைசி நாட்களை ஒட்டியே வரும். படகு கரையில் நிற்கும்போதே ஒரு காலை பள்ளிக்குப் போய் வந்துவிடலாம். பள்ளியில் பேசியும் தீராத புகாருக்குக் கல்வித்துறையின் உதவி எண் 14417. பிள்ளையை அடித்தால், வேலைக்கு அனுப்பினால் 1098.