காதுக்கு மேலே முடி தெரியவில்லையா? உடனே ‘தேய்மானம்’ என்று எழுதாதீர்கள்

மார்கன் டாலர் என்னும் பழைய அமெரிக்க வெள்ளிக் காசைக் கையில் எடுத்ததும் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது சுதந்திர தேவியின் காதுக்கு மேலே இருக்கும் கூந்தலுக்குத்தான். முடி இழை இழையாகத் தெரிந்தால் நல்ல காசு, மழுங்கியிருந்தால் புழங்கிய காசு. பழங்காசுகளுக்குத் தரம் போடும் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படித்தான் பார்த்தேன். 1892-இல் நியூ ஆர்லியன்ஸ் அக்கசாலை (காசு அடிக்கும் ஆலை) அடித்த டாலர் ஒன்றை, கூந்தல் தட்டையாக இருந்த ஒரே காரணத்துக்காகப் புழங்கியது என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கொண்டுவந்தவர் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போனார். அந்த ஆண்டு அந்த அக்கசாலைக் காசுகள், அச்சின் அடி சரியாக விழாமல், மொண்ணையாக விழுந்ததற்குப் பேர்போனவை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

காசில் மேடாகத் தெரிவது அச்சில் பள்ளம். அடி விழும்போது, உருவம் பதியாத வெள்ளி வில்லை அந்தப் பள்ளத்துக்குள் பிதுங்கி ஏற வேண்டும். ஆழமான பள்ளம் கடைசியில்தான் நிரம்பும். அச்சுகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடினாலோ அழுத்தம் போதாவிட்டாலோ, அது நிரம்பாமலே நின்றுவிடும். மார்கன் டாலரில் கூந்தலுக்கு ஏறக்குறைய நேர் பின்னால், மறுபக்கத்தில், கழுகின் மார்பு வருகிறது. ஒரே இடத்து வெள்ளிக்கு இரண்டு பள்ளங்கள் போட்டி போடுகின்றன. அடி சரியாக விழாவிட்டால் இரண்டுமே சேர்ந்து தட்டையாகும். தொல்லை என்னவென்றால், கைபட்டுத் தேய்வதும் இதே மேடுகள்தான். அதனால் எங்கே மழுங்கியிருக்கிறது என்று பார்ப்பது பாதி வேலை. மழுங்கிய இடத்தின் தோல் எப்படியிருக்கிறது என்பதில்தான் மீதி இருக்கிறது.

அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ் காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத காசில் ஒளிக்கீற்று சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுற்றிவரும். அடியின் வேகத்தில் உலோகம் ஓடிய நுண்ணிய வரிகள் தரும் மினுக்கு அது. ஒருமுறை தேய்ந்தால் திரும்பி வராது. கீற்று கன்னத்தையும் தாடையையும் தாண்டும்போது அறுபடாமல் போகிறதா? நெற்றி முடியும் எழுத்துகளும் கூர்மையாக இருக்கின்றனவா? அப்படியானால் காதுக்கு மேலே உள்ள தட்டை பெரும்பாலும் அடியின் குறைதான். கன்னத்தில் மினுக்கு செத்துச் சாம்பல் பூத்ததுபோல் இருந்தால், அது தேய்மானம்.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அடி விழாத இடத்திலும் மினுக்கு குறைவாகத்தான் இருக்கும், உலோகம் அங்கே ஓடவே இல்லையே! லென்ஸை வைத்துப் பாருங்கள். வில்லையாக இருந்தபோது பட்ட சின்னச் சின்னக் கொத்துகளும் கீறல்களும் சொரசொரப்பாக அப்படியே கிடந்தால், அச்சு அந்த இடத்தை முழுதாக அமுக்கவில்லை என்று அர்த்தம். தேய்மானம் இதற்கு நேர்மாறு: வழவழவென்று, சுற்றியுள்ள பரப்பைவிட நிறம் சற்று மாறி இருக்கும்.

எடை பார்த்துத் தீர்த்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. மார்கன் டாலரின் எடை 26.73 கிராம். மொண்ணையாக விழுந்த காசும் அதே எடைதான். ஆனால் லேசான தேய்மானத்தில் போகும் வெள்ளி மிகமிகச் சொற்பம். நமக்கு வேண்டிய எல்லைக்கோட்டில் தராசு உதவாது.

ஒவ்வொரு காசுக்கும் தனிக் குணம் உண்டு. மார்கனுக்கு அடுத்து வந்த வெள்ளி டாலரான பீஸ் டாலரில், 1921-இல் உருவம் அதிக மேடாக இருந்ததால் நடுக்கூந்தல் பெரும்பாலும் சரியாக விழவில்லை. 1922-இல் மேட்டைக் குறைத்துவிட்டார்கள். 1916 முதல் 1930 வரை வந்த நிற்கும் சுதந்திர தேவி கால் டாலரில் (25 சென்ட் காசு) அடிக்கடி அரைகுறையாக விழுவது தலை. முதலில் தேய்வது முழங்கால். தலை மொண்ணை, முழங்கால் மினுக்கோடு இருக்கிறது என்றால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

இப்போது எனக்கு எரிச்சல் தரும் விஷயம். “வீக் ஸ்ட்ரைக் (அடி குறைவு) சார், தேய்மானமே இல்லை” என்பது விற்பவர்களின் மந்திரமாகிவிட்டது. காசுக்குத் தரம் போடும் 70 புள்ளி அளவுகோலில் 60-இலிருந்துதான் புழங்காத காசு. 58-இல் நிற்க வேண்டியதை 62, 63 என்று ஏற்றுவதற்கு இந்த ஒரு சொல் போதும். அதோடு மருந்தில் முக்கி எடுத்து வெளுப்பாக்கிய காசு என்றால் கண் எளிதில் ஏமாறும். வெண்மை வேறு, மினுக்கு வேறு. சுழற்றும்போது ஒளி நகராமல் காசு முழுக்க ஒரே சீராக வெளுத்துக் கிடந்தால் நான் விலை பேசுவதில்லை.

அடியும் குறைந்து, பிறகு புழங்கவும் செய்த காசுகள்தான் உண்மையான சோதனை. அங்கே கூந்தல் என்ன சொன்னாலும் நான் கேட்பதில்லை. கன்னத்தையும் கழுகின் சிறகு முனைகளையும் வைத்துத் தரம் போடுகிறேன். அடியின் குறையை அதே சீட்டில் தனி வரியாக எழுதிவிடுகிறேன்.