இருட்டான தெருவுக்கு யார் பொறுப்பு? சென்னையில் இரவுநேரப் பாதுகாப்பு விதிகளும் புகார் வழிகளும்

இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு தெருவில் நடக்கவே அச்சமாக இருக்கிறதென்றால், பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். நடக்கிற இடத்தில் வெளிச்சம் போதாது, அல்லது கூப்பிட்டால் எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. முதலாவதைச் சரிசெய்வது மாநகராட்சியின் வேலை. இரண்டாவதற்கு உதவ, கடை திறந்திருக்கவும் தள்ளுவண்டி நிற்கவும் தனித்தனி விதிகள் இருக்கின்றன. இவற்றைத் தெரிந்து கேட்பவர்களுக்கு வேலை சீக்கிரம் நடக்கும்.

நிதியைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2013-ல் மத்திய அரசு பெண்களின் பாதுகாப்புக்காக நிர்பயா நிதியை உருவாக்கியது. அதிலிருந்து 2018-ல் ஒப்புதல் பெற்ற பாதுகாப்பான நகரங்கள் திட்டத்தில் எட்டு நகரங்கள் இடம்பெற்றன, அவற்றில் சென்னையும் ஒன்று. செலவில் 60 விழுக்காடு மத்திய அரசுடையது, 40 விழுக்காடு மாநில அரசுடையது. கண்காணிப்புக் கேமராக்கள்தான் இதில் கண்ணில் படுபவை. ஆனால் கேமரா நடந்ததைப் பதிவு மட்டுமே செய்யும், அதுவும் வெளிச்சம் இருந்தால்தான் முகம் தெரியும். ஆகவே தெருவிளக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விளக்கு எரியவில்லை என்றால் 1913 என்ற எண்ணிலோ ‘நம்ம சென்னை’ செயலியிலோ புகார் பதியலாம். ‘எங்கள் தெருவில் விளக்கு இல்லை’ என்று மட்டும் பதிந்தால், ஊழியர் வந்து எந்தக் கம்பம் என்று தெரியாமல் திரும்பிப் போவார், புகாரும் முடிந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணைக் குறிப்பிடுங்கள். எண் அழிந்திருந்தால் எதிர்வீட்டுக் கதவு எண்ணைக் கொடுத்து, இரவில் எடுத்த படம் ஒன்றும் பகலில் எடுத்த படம் ஒன்றும் சேருங்கள். பழுது எந்த வகை என்றும் எழுதுங்கள். ஒரு விளக்கு மட்டும் அணைந்திருந்தால் பெரும்பாலும் விளக்கிலோ, அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் ‘டிரைவர்’ என்ற கருவியிலோ கோளாறு. விட்டுவிட்டு எரிந்தால் டிரைவர் அல்லது தளர்ந்த இணைப்பு. வரிசையாகப் பல விளக்குகள் ஒரே நேரத்தில் அணைந்திருந்தால் தெருவோர மின்பகிர்வுப் பெட்டியான பில்லர் பாக்ஸிலோ, சாலை தோண்டியபோது வெட்டுப்பட்ட புதைவடத்திலோ (மண்ணுக்கடியில் போகும் மின்கம்பி) தேட வேண்டும். அதற்கு ஏணியோடு வருகிற ஆள் போதாது, வடத்தைச் சோதிக்கும் கருவியும் வேண்டும். இதை முன்பே சொன்னால் வீண் அலைச்சல் ஒன்று குறையும். வீடுகளிலும் மின்சாரம் இல்லையென்றால் அது மாநகராட்சிக்குப் போக வேண்டிய புகாரல்ல, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழைக்க வேண்டும்.

எல்லா விளக்கும் எரிந்தும் தெரு இருட்டாக இருப்பதுண்டு. இதுதான் அதிகம் கவனிக்கப்படாத சிக்கல். சாலை விளக்குகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1944. (இதில் 1944 என்பது வரிசை எண், ஆண்டு அல்ல.) போக்குவரத்து மிகுந்த மிக முக்கியச் சாலைகளுக்குச் சராசரியாக 30 லக்ஸ் (தரையில் விழும் வெளிச்சத்தின் அலகு), மற்ற பிரதானச் சாலைகளுக்கு 15, கடைத்தெரு போன்ற இரண்டாம் நிலைச் சாலைகளுக்கு 8, நடமாட்டம் குறைந்த தெருக்களுக்கு 4 என்று அது வகுக்கிறது. சராசரி மட்டும் போதாது. மிகக் குறைந்த வெளிச்சமுள்ள இடத்தின் அளவு, சராசரியில் முதல் இரண்டு வகைக்கு 0.4 பங்கும், அடுத்த இரண்டுக்கு 0.3 பங்கும் இருக்க வேண்டும். அதாவது கடைத்தெருவின் சராசரி 8 லக்ஸ் என்றால், இரண்டு கம்பங்களுக்கு நடுவிலுள்ள மிக இருண்ட புள்ளியில்கூட 2.4 லக்ஸ் வேண்டும். கம்பத்தடியில் கண் கூசி, நடுவில் கும்மிருட்டாக இருக்கும் தெரு, நல்ல சராசரி காட்டினாலும் இந்தக் கணக்கில் தேறாது. அங்கே அதிக வாட் விளக்கு மாட்டினால் கூச்சம் கூடுமே தவிர இருட்டு போகாது. இடையில் ஒரு கம்பம்தான் கேட்க வேண்டும். கைப்பேசியிலுள்ள லக்ஸ் செயலி துல்லியமானதல்ல. ஆனால் கம்பத்தடியையும் நடுப்புள்ளியையும் ஒப்பிட்டுக் காட்ட அது போதும். கைப்பேசியைத் தரையில் வைத்து, இரண்டு இடத்திலும் அளந்து மனுவில் எழுதுங்கள்.

இன்னொன்று, இந்த அளவுகள் எல்லாம் வண்டி ஓடும் தளத்துக்கானவை. பெண்களும் முதியவர்களும் நடப்பதோ ஓரத்தில். கம்பத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே மரக்கிளை தாழ்ந்திருந்தால் சாலை பளிச்சென்றும் நடைபாதை இருட்டாகவும் இருக்கும். அப்போது கிளையைக் கழிக்கும் வேலை மின்பிரிவைச் சேர்ந்ததல்ல, பூங்காத் துறையைச் சேர்ந்தது. விளக்குப் புகாராகப் பதிந்தால் ‘விளக்கு எரிகிறது’ என்று மூடிவிடுவார்கள். மரத்தை வெட்டச் சொல்ல வேண்டாம். கிளைக்குக் கீழே, நடைபாதையை நோக்கிய இரண்டாவது விளக்குக் கையைக் கேட்பது நல்லது.

வேலை நடக்காமல் புகார் மூடப்பட்டால் அந்தப் புகார் எண்ணோடு மண்டல அலுவலகத்துக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, குறிப்பிட்ட கம்பத்தின் பராமரிப்புப் பதிவைக் கேட்கலாம். பதிலுக்குக் கெடு 30 நாள். ஆவணத்தை மட்டுமல்ல, வேலையையே நேரில் பார்வையிடவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது.

அடுத்தது ஆள் நடமாட்டம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் ஆணையிட்டது. 2022-ல் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது, 2025-ல் மேலும் மூன்று ஆண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. இதன் நிபந்தனைகள் கடைக்காரரைவிட ஊழியருக்குத்தான் முக்கியம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை, வாரத்துக்கு 57 மணி நேரம்தான். சுழற்சி முறையில் வார விடுமுறை தர வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் போக வேண்டும். பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை செய்யச் சொல்வது பொதுவாகக் கூடாது. எழுத்துப்பூர்வமாக அவர்கள் சம்மதித்தால் மட்டும், தக்க பாதுகாப்போடு, காலை 6 மணி வரை அனுமதி உண்டு. ஷிப்டில் வரும் பெண்களுக்குப் போக்குவரத்து வசதி செய்து, அதைப் பற்றிய அறிவிப்பைக் கடையின் முகப்பிலேயே வைக்க வேண்டும். சம்மதக் கடிதத்தை வேலையில் சேரும் நாளிலேயே மற்றத் தாள்களோடு வாங்கிவைக்கும் பழக்கம் தவறு. படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். வாகனம் வரவில்லை என்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் புகார் தரலாம்.

தள்ளுவண்டிகளுக்கு 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்பது அதன் 3-ம் பிரிவு. இந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சான்றிதழ் வாங்கும்போது நேரம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டி இரவு வரை இட்லி விற்பவருக்குப் பகல் நேரம் மட்டும் எழுதப்பட்டிருந்தால், கடைசிப் பேருந்து வரும் வேளையில் அந்த நிறுத்தம் ஆளில்லாமல் போகும்.

ஆபத்து நேரும்போது அழைக்க வேண்டியது 112. பெண்களுக்கான 24 மணி நேர உதவி எண் 181. எல்லை வேறு என்று எந்தக் காவல் நிலையமும் புகாரைத் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ம் பிரிவு, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் பக்கத்து நிலையத்திலேயே தகவல் தர வழி செய்கிறது. மின்னணு முறையில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமில்லாமல் கேட்டு வாங்குங்கள்.