செல்லில் தெரிவதும் செல்லுக்குள் இருப்பதும்

கணக்கு அறிக்கைகளைச் சரிபார்க்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். "சூத்திரம் சரியாகத்தான் இருக்கிறது, விடைதான் தவறாக வருகிறது" என்று சொல்லிக்கொண்டு எக்செல் விரிதாளைக் கொண்டுவருபவர்கள் ஏராளம். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். சூத்திரத்தில் குறை இருக்காது. அது எந்த செல்களை, அதாவது விரிதாளின் கட்டங்களை, எடுத்துக் கணக்கிடுகிறதோ அந்த செல்களுக்குள்தான் கோளாறு இருக்கும். ஆனாலும் எல்லோரும் சூத்திரத்தையே திரும்பத் திரும்ப அழித்து எழுதிக் களைத்துப்போகிறார்கள். செல்லில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, அதற்குள் சேமிக்கப்பட்டிருப்பது வேறொன்று என்பதைப் புரிந்துகொண்டால், தேட வேண்டிய இடம் எது என்பது தானே தெரிந்துவிடும்.

அண்மையில் என்னுடன் பணிபுரியும் இளையவர் ஒருவர் 212 வரிசைகள் கொண்ட பட்டியல் ஒன்றைக் காட்டினார். கூட்டுத்தொகை, மூல ஆவணத்தில் இருந்த தொகையைவிடக் குறைவாக இருந்தது. கூட்டித் தரும் சம் (SUM) சூத்திரம் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை முழுமையாகத்தான் எடுத்திருந்தது. "மூன்று தடவை அழித்து எழுதிவிட்டேன் சார், அதே விடைதான் வருகிறது" என்றார். நான் சூத்திரத்தைத் தொடவில்லை. காலியாக இருந்த இரண்டு செல்களில், அதே நெடுவரிசைக்கு கவுன்ட் (COUNT) என்றும் கவுன்ட்ஏ (COUNTA) என்றும் எழுதச் சொன்னேன். கவுன்ட்ஏ 212 என்று காட்டியது. கவுன்ட் 209 என்று காட்டியது. கவுன்ட்ஏ காலியில்லாத செல்கள் அனைத்தையும் எண்ணும், கவுன்ட் எண்களை மட்டுமே எண்ணும். எண்களைப் போலத் தோன்றிய மூன்று செல்கள் உண்மையில் எழுத்துகளாக இருந்தன.

செல்களின் வரிசையொன்றைக் கூட்டும்போது, சம் எழுத்துகளை எந்த எச்சரிக்கையும் இன்றி விட்டுவிடும். அதே செல்களைக் கூட்டல் குறி இட்டு ஒவ்வொன்றாகக் கூட்டினாலோ, எழுத்தாக இருக்கும் எண்ணை எக்செல் எண்ணாக மாற்றிக்கொண்டு கூட்டிவிடும். ஆகவே ஒரே செல்களுக்கு இரண்டு வழிகளில் இரண்டு விடைகள் வருவதைக் கண்டால் குழம்ப வேண்டாம். அங்கே எழுத்தாக மாறிய எண் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பொதுவாக எண்கள் வலப்புறமும் எழுத்துகள் இடப்புறமும் ஒதுங்கி நிற்கும். ஆனால் அந்தப் பட்டியலை அழகுபடுத்துவதற்காக யாரோ முழு நெடுவரிசையையும் வலப்புறம் ஒதுக்கி வைத்திருந்ததால் அந்த அடையாளமும் மறைந்துபோயிருந்தது. இதனால்தான், தரவைச் சரிபார்த்து முடிக்கும்வரை ஒதுக்கமைப்பில் கைவைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

மூன்றில் இரண்டு செல்களை எளிதாகச் சரிசெய்துவிட்டோம். வடிவமைப்பை 'எண்' என்று மாற்றினால் மட்டும் போதாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஏற்கெனவே எழுத்தாகப் பதிந்துவிட்டது, மீண்டும் உள்ளிடும்வரை எழுத்தாகவே இருக்கும். எழுத்தை எண்ணாக மாற்றும் வேல்யூ (VALUE) சார்பை (function) பயன்படுத்தலாம், அல்லது ஒன்றால் பெருக்கலாம். மூன்றாவது செல் மட்டும் எதற்கும் அசையவில்லை. அதில் தெரிந்தது 4500. லென் சார்பு அதன் நீளம் ஐந்து என்றது. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தபோது, உடையா இடைவெளி எனப்படும் 160ஆம் எண் எழுத்தும் சேர்ந்து வந்து எண்ணின் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. ட்ரிம் சார்பு சாதாரண இடைவெளியை நீக்குமே தவிர இதை நீக்காது. ஒன்றுக்குப் பதில் வேறொன்றை வைக்கும் சப்ஸ்டிட்யூட் (SUBSTITUTE) சார்புக்குள், அந்த எழுத்தைக் குறிக்கும் கேர்(160), அதாவது CHAR(160), என்று கொடுத்துத்தான் அகற்ற முடிந்தது.

தேதிகளில் இதே சிக்கல் இன்னும் ஆழமாக நடக்கும். எக்செல் தேதியைத் தேதியாகச் சேமிப்பதில்லை. 1900 ஜனவரி 1 என்பதை 1 என்று கொண்டு எண்ணி வரும் தொடர் எண்ணாகவே சேமிக்கிறது. 2024 ஜனவரி 1 அதற்கு 45292. நாள் முதலில் வரும் கோப்பை, மாதம் முதலில் வரும் அமைப்புள்ள கணினியில் திறந்தால், 05/04/2024 என்ற ஏப்ரல் 5, மே 4 ஆகிவிடும். 25/04/2024 என்பதற்கு இருபத்தைந்தாம் மாதம் கிடையாது என்பதால் அது எழுத்தாகவே நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதிகள், மீதி தேதியே அல்லாத எழுத்துகள்! எழுத்தாக நிற்பவற்றை எளிதில் பிடித்துவிடலாம். மாறிப்போன தேதிகளைப் பிடிப்பதுதான் கடினம். மார்ச்1 என்ற மரபணுவின் பெயரை விரிதாள்கள் மார்ச் முதல் தேதியாக மாற்றிவந்ததும் இதே காரணத்தால்தான். மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் அத்தகைய பெயர்களை மாற்றியமைத்ததற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம்.

தசமங்களிலும் இதே கதைதான். 0.4 என்ற எண்ணைத் தசம இடமின்றிக் காட்டச் சொன்னால் செல்லில் 0 தெரியும்; அப்படி இரண்டு செல்களைக் கூட்டினால் விடையில் 1 தெரியும். கூட்டலில் தவறில்லை, 0.8 என்பது அப்படிக் காட்டப்படுகிறது. இதைவிட நுட்பமானது, 0.1 போன்ற எண்களைக் கணினி பயன்படுத்தும் இரும எண்முறையில் முழுமையாக எழுதவே முடியாது என்பது. 43.1-இலிருந்து 43.2-ஐக் கழித்து ஒன்றைக் கூட்டினால் 0.9 வர வேண்டும். பதினைந்து தசம இடங்கள் வரை காட்டச் சொல்லிப் பாருங்கள், 0.899999999999999 என்று வரும். ஆகவே இரண்டு தொகைகள் சமமா என்று நேரடியாகக் கேட்காமல், ரவுண்ட் (ROUND) சார்பால் தேவையான தசம இடத்துக்கு முழுமையாக்கிய பிறகு ஒப்பிட வேண்டும். எக்செல் பதினைந்து இலக்கங்களையே துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், பதினாறு இலக்க அட்டை எண்ணை எண்ணாக உள்ளிட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அதை எழுத்தாகவே பதிவு செய்யுங்கள்.

சூத்திரத்திலேயே தவறு இருக்கும் இடங்களும் உண்டு. பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்குரிய மதிப்பைக் கொண்டுவரும் வி-லுக்கப் (VLOOKUP) சார்பின் நான்காவது உள்ளீட்டை விட்டுவிடுவது நான் அதிகம் காணும் தவறு. விட்டுவிட்டால் அது தோராயப் பொருத்தத்தைத் தேடும். பட்டியல் ஏறுவரிசையில் இல்லாவிட்டால், வேறு ஏதோ ஒரு வரிசையின் மதிப்பை எந்தப் பிழைக்குறியும் இல்லாமல் கொண்டுவந்து வைத்துவிடும். அந்த இடத்தில் ஃபால்ஸ் அல்லது பூஜ்யம் இடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அதே வேலையைச் செய்யும் எக்ஸ்-லுக்கப் (XLOOKUP) சரியான பொருத்தத்தையே இயல்பாகத் தேடும்.

சூத்திரம் எடுத்துக்கொள்ளும் செல்களின் எல்லை குறைந்துபோவது அடுத்தது. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட அரசுக் கடன் ஆய்வில், சராசரிச் சூத்திரம் 49ஆம் வரிசை வரை செல்ல வேண்டியது 44ஆம் வரிசையிலேயே நின்றுவிட்டதால் ஐந்து நாடுகள் விடுபட்டன. அந்த ஆய்வு விமர்சிக்கப்பட்டதற்கு வேறு பெரிய காரணங்களும் இருந்தன. ஆனாலும் 2013இல் வேறு ஆய்வாளர்கள் மூல விரிதாளைத் திறந்து பார்த்த பிறகே இந்த விடுபடல் வெளிவந்தது. அறிக்கையில் அச்சான சராசரியை மட்டும் பார்த்து இதை ஒருவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

எண்ணை மாற்றியும் விடை மாறவில்லை என்றால், எக்செல்லின் கணக்கீடு தானியங்கு முறையிலிருந்து கைமுறைக்கு மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதலில் திறந்த கோப்பின் அமைப்பையே எக்செல் பின்பற்றுவதால், பிறர் அனுப்பிய ஒரு கோப்பு உங்கள் கோப்பையும் நிறுத்திவைக்கக்கூடும். நீண்ட சூத்திரமாக இருந்தால், சூத்திரப் பட்டையில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்9 விசையை அழுத்தினால் அந்தப் பகுதியின் விடை அங்கேயே தெரியும். பார்த்து முடித்ததும் எஸ்கேப் விசையை அழுத்தி வெளியே வர வேண்டும். மறந்து என்டர் அழுத்திவிட்டால் அந்தப் பகுதி நிலையான எண்ணாகப் பதிந்துவிடும்.

பிழைக்குறிகள் அசிங்கமாக இருக்கின்றன என்று சூத்திரங்கள் அனைத்தையும் இஃப்எரர் (IFERROR) சார்பு கொண்டு மூடி, பூஜ்யத்தையோ வெற்றிடத்தையோ காட்டச் செய்யும் பழக்கம் பரவலாக இருக்கிறது. என்னிடம் வரும் கோப்புகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். தேடிய பெயர் பட்டியலில் இல்லை என்பதும், சார்பின் பெயரையே தவறாக எழுதியிருக்கிறார்கள் என்பதும் அப்போது ஒரே பூஜ்யமாகத் தெரியும். கூட்டுத்தொகையும் அமைதியாகக் குறைந்துவிடும். பெயர் கிடைக்காததை மட்டும் மறைக்க விரும்பினால் இஃப்என்ஏ (IFNA) போதும். மற்றப் பிழைகள் வெளியே தெரியட்டும். கூட்டுத்தொகை செல்லிலும் பிழைக்குறி வரும், வரத்தான் வேண்டும்.