காதுக் கருவி அணிந்த பிள்ளை இருட்டில் இடறினால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கண் மருத்துவரான என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே காதுக் கருவி அணிந்தவர்கள். "கவனமே இல்லை டாக்டர், பொழுது சாய்ந்தால் கால்வாயில் காலை விட்டுவிடுகிறான்" என்பார் அம்மா. பையனோ எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்துவிடுவான். அதை நம்பி அனுப்பிவிடக் கூடாது.

என் மூக்கையே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து விரலை அசைத்தபடி மெல்ல நடுவே கொண்டுவருவேன். மற்ற பிள்ளைகள் விரல் காதோரம் இருக்கும்போதே "தெரிகிறது" என்பார்கள். இவன் விரல் முகத்துக்கு நேரே நெருங்கும்வரை வாய் திறக்க மாட்டான். விழித்திரையின் ஓரங்களில் சிலந்திக் கால்கள் போலக் கரும் திட்டுகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்: காதையும் கண்ணையும் சேர்த்தே பாதிக்கும் அஷர் நோய்க்குறி. இது பரம்பரையாக வருவதை 1914இல் எடுத்துரைத்த ஸ்காட்லாந்துக் கண் மருத்துவர் சார்லஸ் அஷரின் பெயர் அது.

இதில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் பிறவியிலேயே காது ஏறக்குறைய முற்றிலும் கேட்காது. உட்காதின் சமநிலை உறுப்பும் இயங்காததால் 18 மாதமாகியும் குழந்தை நடக்காது. "மெதுவாக நடப்பான்" என்று பாட்டிகள் தேற்றுவது இங்கே ஆபத்து. இரண்டாம் வகையில் நடை சரியாக இருக்கும், மாலைக்கண் பதின்ம வயதில் தலைகாட்டும். மூன்றாவதில் இரண்டு புலன்களும் படிப்படியாகக் குறையும். வெளிச்சத்துக்கு விழித்திரை தரும் மின் துடிப்பை அளக்கும் மின்பதிவும் மரபணுச் சோதனையும் நோயை உறுதிசெய்யும்.

"எங்கள் பரம்பரையில் யாருக்குமே இல்லையே" என்பார்கள். இல்லாமல்தான் இருக்கும். பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவின் ஒரு பிரதியை நோயின்றிச் சுமப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 4இல் 1 வாய்ப்பு. சொந்தத்தில் மணந்தால் இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தாய்மாமன் அக்காள் மகளை மணக்க மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இந்துக்களுக்கு விலக்குத் தருகிறது. மரபணுவுக்கு அந்த விலக்கு தெரியாது. மருமகளைக் குறைசொல்லும் மாமியார்களுக்கு இதைத் தனியே விளக்குவேன்.

விழித்திரைச் சிதைவை நிறுத்தும் மருந்து இன்று கையில் இல்லை. காதுக்கு வழி உண்டு: முதல் வகைக் குழந்தைக்குக் உட்காதில் அறுவை செய்து வைக்கும் காக்ளியர் கருவியைச் சீக்கிரம் பொருத்தினால் பேச்சு வரும். பார்வை சுருங்கியபின் உதட்டசைவையும் சைகையையும் மட்டும் நம்ப முடியாது. கண்புரையும் விழித்திரை நடுவே வரும் வீக்கமும் சிகிச்சைக்கு உட்பட்டவை. வைட்டமின் ஏ மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் கல்லீரல் கெடும். வகுப்பில் முன்வரிசையும், ஆசிரியரின் முகத்தில் வெளிச்சமும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டைக்கும் விண்ணப்பியுங்கள்.

16 வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கத் துடிக்கும் பையனிடம், "பார்வைப் பரப்புச் சோதனை முடியட்டும்" என்று சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை. செம்பனைக் காட்டு மண் சாலையில் விளக்கும் கிடையாது, சொல்லிவிடுகிறேன்.