மாய்ஸ்சரைசர்: ஈரப்பதமூட்டியா, ஈரக்காப்பா?

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் பெண்களுக்குத் தோல் பராமரிப்பு பற்றி ஒரு பேச்சு நடந்தது. வாசலில் கொடுத்த துண்டுத்தாளோடு எதிர்வீட்டு அக்கா நேராக என்னிடம் வந்தார். "தம்பி, இதுல அடைப்பான்னு போட்டிருக்கு. அது மாட்டுக்கு வர்ற சீக்குதானே? அத ஏன் மூஞ்சில பூசச் சொல்றாங்க?"

தோட்டத்தில் இருந்த காலத்தில் நான்கு மாடு வைத்திருந்தவர். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆந்த்ராக்ஸுக்குத் தமிழில் அடைப்பான் என்றுதான் பெயர். மொழிபெயர்த்தவர் வாசலின் மாதிரி தோலை மூடி நிற்கும் பொருளுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்.

அதே தாளில், தோல் வறளாமல் இருக்கப் பூசும் மாய்ஸ்சரைசர் வரும் இடமெல்லாம் 'ஈரப்பதமூட்டி'. எத்தனையாவது தடவை இதைப் பார்க்கிறேன் என்று கணக்கே இல்லை.

'மாய்ஸ்ட்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஈரமான என்று பொருள். அதில் விகுதிகள் சேர்ந்து 'ஈரமாக்குவது' என்று ஆகிவிட்டது. பிறப்புக் கதை அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயரே பாதிதான் உண்மை. கிரீமில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி பூசிய கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். மிச்சம் இருப்பவைதான் வேலை செய்கின்றன, அவை செய்வதும் பெரும்பாலும் காவல் வேலை. ஆங்கிலத்தில் இருக்கும் பிழையைத் தமிழுக்கும் அப்படியே தூக்கி வர வேண்டுமா?

இனி 'பதம்'. பாகு பதம், மாவுப் பதம் என்கிறோம். பதம் என்றால் பக்குவம், ஒரு நிலை. நெல்லின் ஈரப்பதம், காற்றின் ஈரப்பதம் என்று சொல்லும்போது அது அளவைக் குறிக்கிறது. அளவை எப்படி ஊட்டுவது? அடுப்பை யாராவது வெப்பநிலையூட்டி என்பார்களா? போதாததற்கு, அறைக்குள் நீராவி கக்கும் பெட்டிக்கும் ஈரப்பதமூட்டி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும்; மழை நாளில் துவைத்த சட்டை இரண்டு நாளானாலும் காயாது. இங்கே போய் ஈரப்பதமூட்டி விற்றால் சிரிப்பார்கள்.

தமிழ் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவர் 'ஊட்டி'க்கு வக்காலத்து வாங்கினார். மணமூட்டி, வண்ணமூட்டி இருக்கும்போது இது மட்டும் என்ன பாவம் செய்தது என்றார். மணமூட்டி தன்னிடம் இருக்கும் மணத்தைக் கொடுக்கிறது. வாசலினில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. 1872இல் அமெரிக்க வேதியியலாளர் செஸ்பரோ காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து அது பெட்ரோலிய எண்ணெய்ப் பசைதான். இல்லாத ஈரத்தை எங்கிருந்து ஊட்டும்? நண்பர் டீயைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

அது ஊட்டுவதில்லை, மூடுகிறது. தோலிலிருந்து ஆவியாகிப் போகும் நீரைத் தடுத்து நிறுத்துகிறது. இதற்கு நம்மிடம் பயிர்த்தொழிலில் அருமையான சொல் இருக்கிறது: மூடாக்கு. செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தடியில் வெட்டிப் போட்ட மட்டையையும், எண்ணெய் எடுத்த குலைச் சக்கையையும் பரப்பி வைக்கிறார்களே, அதேதான். மண்ணின் ஈரம் வெயிலுக்குப் போகாது. அக்காவிடம் இப்படிச் சொன்னதும், "மட்ட போட்டு வைக்கிற மாதிரியா? அத அப்படியே எழுத வேண்டியதுதானே" என்றார்.

கிளிசரின் இன்னொரு வகை. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசியும், பார்த்திருப்பீர்கள். காற்றிலிருந்து நீரை இழுக்கும் குணம் அது. கிளிசரினும் யூரியாவும் ஹையாலுரோனிக் அமிலமும் அப்படித்தான், தோலின் அடியிலிருந்தும் காற்றிலிருந்தும் நீரை இழுத்து வைக்கும். ஈரமிழுப்பி என்று சொல்லலாம். ஹையாலுரோனிக் என்ற பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். 1934இல் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்து, கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். அதையும் 'கண்ணாடி அமிலம்' ஆக்கினால் கடைக்காரர் ஓடிவிடுவார். மூன்றாவது வகை, வெடிப்புகளுக்கு இடையே புகுந்து தோலை வழவழப்பாக்குவது. மென்மையாக்கி என்று போட்டிருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன்.

ஏர்கண்டிஷன் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் ஈரமிழுப்பியை மட்டும் பூசிக்கொண்டால் பத்தாது; இழுத்த ஈரம் அந்தக் காய்ந்த காற்றில் பறந்துவிடும். மேலே கொஞ்சம் மூடாக்கும் வேண்டும். எங்கள் அம்மா ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடித்து, ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் ஆசிட்டில் கை வெந்து வருவார். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். குளித்துவிட்டுத் துண்டை எடுப்பதற்கு முன்பே தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தேடுவார். "ஈரம் காயறதுக்குள்ள தடவிடணும்." அவருக்கு இந்த வகைப் பெயர் ஒன்றுகூடத் தெரியாது.

அப்படியானால் மொத்தத்துக்கும் என்ன பெயர்? ஒருவர் 'ஈரங்காப்பி' என்றார். கடையில் கேட்டால் கோப்பையும் தட்டும் வரும். என் ஓட்டு ஈரக்காப்புக்கு. மாரியம்மனுக்குச் சந்தனக்காப்பு, எண்ணெய்க்காப்பு சாத்துகிறோம். மேனியில் பூசுவதைக் காப்பு என்று சொல்வது தோட்டத்துக் கோயில்களில் பழகிய பேச்சு. அங்கே சந்தனம் பூசும் பொருள், இங்கே ஈரம் காக்கப்படும் பொருள், இரண்டும் ஒன்றா என்று இலக்கணம் பிடிப்பவர் வருவார். வரட்டும். பயிர்க்காப்பில் பயிரும் காக்கப்படுவதுதான்.

எனக்கு எரிச்சல் சொல்லின் மேல்கூட இல்லை. எழுதியதைப் பக்கத்து வீட்டாரிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்புகிறார்களே, அதன் மேல். துண்டுத்தாளின் பின்பக்கத்தில், முகத்தின் நுண்துளைகளை அடைத்துக் கரும்புள்ளி வரவைக்காத கிரீமை வாங்கச் சொல்ல நினைத்திருக்கிறார்கள். அச்சாகி இருப்பது 'நகைச்சுவையற்ற கிரீம்'. காமெடோ என்ற கரும்புள்ளி காமெடி ஆகிவிட்டது. அக்கா இன்னும் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.