அறிவியல் பக்கம் போக நினைக்கும் அரசுப் பள்ளி மாணவிக்கு யார் துணை?

சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டை அரசு பெண்கள் பள்ளியில் படித்தவர். அப்புறம் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி. அப்பா விவசாயம் பார்த்தவர். 2023 செப்டம்பர் 2 அன்று விண்கலம் கிளம்பிய செய்தியைப் பார்த்துவிட்டு, "எங்க பிள்ளைக்கும் இதெல்லாம் பிடிக்கும், ஆனா யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல" என்று நினைத்த வீடுகள் நிறைய இருக்கும். அந்த வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெண் பிள்ளைகள் படிப்புக்கு அரசு தரும் பணத்தைப் பற்றி ஊரில் ஓரளவு பேசிக்கொள்கிறார்கள். ஆனால் பணத்துக்கு முன்னால் ஓர் ஆள் தேவைப்படுகிறார். ஏழாம் வகுப்பில் "இது ஏன் இப்படி ஆகுது?" என்று கேட்டால் அதட்டாமல் செய்து காட்ட ஓர் ஆள். பத்து முடித்ததும் எந்தக் குரூப் எடுப்பது என்று சொல்ல ஓர் ஆள். அதனால் எவ்வளவு கிடைக்கும் என்பதோடு நிறுத்தாமல், எந்தத் திட்டத்தில் அப்படி ஒரு வழிகாட்டி இருக்கிறார், அவரை எப்படிப் பிடிப்பது என்பதையும் சொல்கிறேன்.

ஆறு முதல் எட்டு வரை: வானவில் மன்றம்

தமிழக அரசு 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில், ஆதிதிராவிடர் நல பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இதைத் தொடங்கியது. "எங்கும் அறிவியல், யாவும் கணிதம்" என்பது இதன் முழக்கம். 6, 7, 8ஆம் வகுப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. கருத்தாளர்கள் என்று அழைக்கப்படுபவர்கள் சோதனைப் பொருள்களைப் பையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்து, பிள்ளைகளின் கையாலேயே சோதனைகளைச் செய்ய வைப்பார்கள். கட்டணம் கிடையாது, விண்ணப்பமும் வேண்டாம்.

தொடங்கியபோது 13,210 பள்ளிகளுக்கு 710 கருத்தாளர்கள். கணக்குப் போட்டால் ஒருவர் தலையில் பதினெட்டுப் பள்ளிக்கு மேல் வருகிறது. அவர் உங்கள் பிள்ளையின் வகுப்பில் நிற்கும் நேரம் குறைவு என்பது இதிலேயே தெரிகிறது. ஆகவே அந்த நாளை வீணாக்கக் கூடாது. கருத்தாளர் வரும் நாளை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று விசேஷம், கோயில் என்று லீவு போட வைக்காதீர்கள். அவரிடம் கேட்க ஒரு கேள்வியைப் பிள்ளை எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. யாரும் வருவதே இல்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்க முழு உரிமை உண்டு.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் வகுப்புகளில் கருவியைப் பையன் பிடிப்பான், நோட்டில் எழுதுவது பெண் பிள்ளையாக இருக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, பழக்கத்தில் அப்படி ஆகிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன சோதனை?" என்பதோடு, "நீ கையால என்ன செஞ்ச?" என்றும் கேளுங்கள்.

சொந்த யோசனை இருந்தால்: இன்ஸ்பயர் மானக்

இது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம். 6ஆம் வகுப்பிலிருந்தே சேரலாம். ஒரு பள்ளி ஐந்து யோசனைகள் வரை இணையத்தில் பதிவு செய்யலாம். தேர்வானால் மாதிரி செய்யவும் கண்காட்சிக்குப் போய் வரவும் 10,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மேலே போகப் போக, தொழில்நுட்ப நிறுவனங்களில் இருப்பவர்கள் மாதிரியை மெருகேற்ற உதவுவார்கள்.

பதிவு செய்வது பள்ளி, நாம் அல்ல. ஆசிரியர் மெனக்கெடாத பள்ளியிலிருந்து ஒரு யோசனையும் போகாது. வீட்டுச் சிரமத்திலிருந்து பிறந்த யோசனையாக இருக்கட்டும். தண்ணீர்க் குடம் தூக்குவது, களத்தில் நெல் காயப்போடுவது, இப்படி எதுவும். கண்காட்சிக் கடையில் விற்கும் தெர்மோகோல் எரிமலை இங்கே வேலைக்கு ஆகாது.

பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு

பல பிள்ளைகளின் பாதை திரும்புவது இங்கேதான். பதினொன்றில் கணிதம் உள்ள குரூப்பை விட்டுவிட்டால் பெரும்பாலான பொறியியல் படிப்புகளின் கதவு அப்போதே மூடிவிடும். பக்கத்துப் பள்ளியில் அந்தக் குரூப் இருக்காது. அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்றால், "இருக்குறத எடுத்துக்கோ" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பயணச் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, பதினொன்றில் சைக்கிளும் தருகிறார்கள். தடுப்பது பெரும்பாலும் தூரத்தைப் பற்றிய பயம். அதே ஊரிலிருந்து போகும் இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பினால் அந்தப் பயம் பாதி குறையும்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டுதலும் ஒரு பகுதி. தலைமையாசிரியரிடம் போய் "இங்கே நான் முதல்வன் பார்ப்பவர் யார்?" என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளை பன்னிரண்டு முடிக்கும்வரை அவர்தான் உங்கள் ஆள். பள்ளியில் பதில் கிடைக்காவிட்டால் கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசலாம்.

மத்திய அரசின் விஞ்ஞான் ஜோதி 9 முதல் 12 வரை படிக்கும் மாணவிகளுக்கென்றே வந்தது. ஆய்வகங்களுக்கு அழைத்துப் போவது, பெண் விஞ்ஞானிகளோடு பேச வைப்பது, பெற்றோருக்கும் ஆலோசனை சொல்வது எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது மத்திய அரசின் உறைவிடப் பள்ளிகளான நவோதயா பள்ளிகளை மையமாக வைத்து 2019 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் நவோதயா பள்ளிகள் இல்லை. புதுச்சேரி, காரைக்கால் வாசகர்கள் தங்கள் நவோதயாவில் விசாரித்துப் பாருங்கள்.

கல்லூரிப் பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். 2024-25 முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) மாணவிகளுக்குத் தரும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். தொழில்நுட்பப் பட்டம் அல்லது டிப்ளமோ படிப்பவராகவும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். வேறு உதவித்தொகை வாங்குபவர்கள் அதன் விதிகளைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கை: கணக்கு மாணவியின் பெயரிலேயே இருக்க வேண்டும். ஆதார், மார்க் ஷீட், பாஸ்புக் மூன்றிலும் இனிஷியல் உட்பட பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பத்தாம் வகுப்பிலேயே பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்.

பி.எஸ்சி. எடுப்பவருக்கு: இன்ஸ்பயர் ஷீ

நல்ல மார்க் வாங்கிய பெண் இயற்பியலோ வேதியியலோ எடுத்தால், "வெறும் பி.எஸ்சி.யா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அவர்களிடம் இன்ஸ்பயர் ஷீ என்ற இந்த மத்திய அரசு உதவித்தொகையைச் சொல்லுங்கள். அடிப்படை அறிவியல், இயற்கை அறிவியல் பட்டப் படிப்புகளில் சேர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். வருமான வரம்பு இல்லை. இது தெரியாமலே தகுதியுள்ள பலர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு இது பொருந்தாது.

அந்த 80,000-இல் 60,000 ரூபாய் கையில் வரும். மீதி 20,000 கோடை விடுமுறையில் ஒரு விஞ்ஞானியின் கீழ் ஆய்வு செய்வதற்காக. வழிகாட்டிக்கென்றே தனியாகப் பணம் ஒதுக்கிய திட்டம் என்பதால் எனக்கு இதன் மேல் தனி மதிப்பு. அந்த விஞ்ஞானியைத் தேடிப் பிடிப்பது மாணவியின் வேலை. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகமான செக்ரி இருக்கிறது. சென்னையில் தோல் ஆராய்ச்சி நிலையமும் தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் இருக்கின்றன. கொடைக்கானலில் சூரிய ஆய்வகம், ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். கல்லூரியின் துறைத் தலைவரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, தான் என்ன படித்திருக்கிறாள், எதில் ஆர்வம் என்று மாணவியே அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பட்டும். ஒரே ஆளுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காமல் ஐந்தாறு பேருக்கு எழுத வேண்டும். மே மாதம் போக வேண்டுமென்றால் டிசம்பரிலேயே எழுதத் தொடங்குவது நல்லது.