கையெழுத்துப் போடும் முன் எந்த மொழியில் படித்துக் காட்டினார்கள்?

"உக்ரைனில் ரஷ்ய மொழி பேசினாலே அபராதமாம்!" போர் தொடங்கியதிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும் செய்தி இது. இதை வைத்து நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். ஒரு கட்சிக்கு உக்ரைன் அக்கிரமக்கார நாடு, இன்னொரு கட்சிக்கு நாட்டு மொழி படிக்காதவனுக்கு உரிமையே கிடையாது. கோலாலம்பூரில் கிரிமினல் வழக்கு பார்க்கிற வக்கீல் நான். இரண்டு கட்சியிலும் ஒருத்தர்கூட அந்த அபராதத்தைச் சொல்கிற உக்ரைனின் ஆட்சி மொழிச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் என் எரிச்சல்.

அது 2022 போருக்காகப் போட்ட சட்டமே இல்லை. 2019 ஏப்ரலில் நிறைவேறி, அந்த வருடம் ஜூலை 16இல் அமலுக்கு வந்தது. நாட்டின் கிழக்கில் 2014லிருந்தே சண்டை நடந்துகொண்டிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். எந்தெந்தத் துறைக்கு எப்போது என்று தனித்தனியாகத் தேதி வைத்திருந்தார்கள். கடைகளும் சேவை நிறுவனங்களும் உக்ரைனிய மொழியில் பேசியாக வேண்டும் என்பதற்கு 2021 ஜனவரி 16, அபராதப் பிரிவுக்கு 2022 ஜூலை 16. அந்தக் கடைசித் தேதி வந்தபோது நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருந்தது, அதனால் போர்க்காலச் சட்டம் என்று பெயர் வாங்கிக்கொண்டது. வீட்டுப் பேச்சையும் மத வழிபாட்டையும் இந்தச் சட்டம் தொடவில்லை, 2ஆம் பிரிவிலேயே அப்படி எழுதியிருக்கிறது. கடையில் வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டால் வேறு மொழியிலும் பேசலாம். அதிபர் செலென்ஸ்கியே ரஷ்ய மொழி பேசும் வீட்டில் வளர்ந்தவர்தான்.

சரி, அப்படியானால் குறையே இல்லையா? இருக்கிறது, ஆனால் வாட்ஸ்அப்காரர்கள் காட்டுகிற இடத்தில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சி மொழிகளுக்கு ஒரு சலுகை, மற்ற சிறுபான்மை மொழிகளுக்கு வேறு கணக்கு என்று அந்தச் சட்டம் பிரித்தது. இந்தப் பாகுபாட்டுக்குச் சரியான காரணம் இல்லை என்று, ஐரோப்பிய நாடுகளுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் வெனிஸ் ஆணையம் 2019 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஹங்கேரிய மொழிக்காகப் பேச ஹங்கேரி அரசு இருந்தது, பள்ளியில் சிறுபான்மை மொழிகளின் இடத்தைக் குறைத்த உக்ரைனின் 2017 கல்விச் சட்டத்துக்காகவே நேட்டோ-உக்ரைன் கூட்டங்களைத் தடுத்து நிறுத்தியது. 2023 டிசம்பரில் உக்ரைன் சட்டத்தைத் தளர்த்தியபோதும் ஒன்றியத்தின் மொழிகளுக்குத்தான் கதவு திறந்தது. உக்ரைனில் காகாவுஸ் என்ற மொழி பேசுகிற சின்னச் சமூகத்துக்காகக் குரல் கொடுக்க எந்த அரசாங்கம் இருக்கிறது? படையெடுத்த நாட்டின் மொழி என்று ரஷ்ய மொழியை ஒதுக்குவதற்காவது ஒரு காரணம் சொல்லலாம், அந்தக் காரணமும் எனக்கு முழுசாக ஒப்பவில்லை, ஏனென்றால் முன்னணியில் நின்று சண்டை போடுகிற உக்ரைன் வீரர்களிலேயே ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் நிறையப் பேர்.

பள்ளி, டிவி, கடைப் பலகை பற்றித்தான் எல்லோரும் சத்தம் போடுகிறோம். போர்க்காலத்தில் மொழி ஒருவனை நிஜமாகவே சாய்க்கிற இடம் விசாரணை மேசை. இதற்கு உக்ரைன் வரை போக வேண்டாம், இலங்கை போதும்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது நமக்குத் தெரியும். 1987இல், போர் உச்சத்தில் இருந்தபோதே, அந்நாட்டு அரசமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சி மொழியாக்கியது பலருக்கு ஞாபகம் இருக்காது. தாளில் உரிமை வந்துவிட்டது. அப்புறம் 1993இல் சிங்கராசா என்ற, தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த ஒருவரைப் பிடித்தார்கள். சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் கைநாட்டு வாங்கினார்கள். இடையில் மொழிபெயர்த்தவர் ஒரு போலீஸ்காரர். பயங்கரவாதத் தடைச் சட்டப்படி அந்த வாக்குமூலம் செல்லும், மிரட்டி வாங்கியது என்றால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். 50 வருடச் சிறை, மேல்முறையீட்டில் 35 ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இந்த விசாரணை நியாயமானது இல்லை என்று முடிவு சொன்னது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2006இல் அதை ஏற்கவில்லை. ஆட்சி மொழி என்ற அந்தஸ்து அந்த அறைக்குள் அவரைக் காப்பாற்றவில்லை.

நம் மலேசியாவில் போர் இல்லை. ஆனால் 1969 மே மாதம் அவசரநிலை வந்தது, 1971இல் அரசமைப்பைத் திருத்தி, தேசிய மொழி உள்ளிட்ட சில விஷயங்களைக் கேள்வி கேட்பதைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு 10(4)ஆம் பிரிவில் அதிகாரம் கொடுத்தார்கள். அவசரநிலைப் பிரகடனம் 2011இல் ரத்தானது, அந்தப் பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது. அதே பிரிவுக்குள்ளேயே அமலாக்கத்தைப் பற்றிக் கேட்பதற்கு இடம் விட்டிருக்கிறார்கள், அதை நம்மவர்கள் பயன்படுத்துவதே இல்லை. தேசிய மொழி ஏன் என்று கேட்பது வேறு, எங்கள் தாமான் (குடியிருப்பு) பெரியவர்களுக்குப் புரிகிற மாதிரி ஏன் விளக்கவில்லை என்று கேட்பது வேறு.

இப்போது நம் பாலாய், அதாவது போலீஸ் நிலைய மேசைக்கு வருவோம். அடிதடி ஒன்றைப் பார்த்த லாரி டிரைவர் அண்ணன் ஒருவர் சாட்சியாக ஸ்டேட்மெண்ட் கொடுத்தார். கோர்ட்டில் அவர் சொன்னதும் தாளில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. "ஏண்ணே கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டேன். "வேகமா வாசிச்சாங்க தம்பி, பாதி புரியல. புரியலன்னு சொன்னா அசிங்கமா இருக்குமேன்னு தலையாட்டிட்டேன்" என்றார். நாற்பது வருடமாக மலாயில் சரக்கு இறக்கி ஏற்றுகிற மனுஷன், பேச்சு மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தட்டச்சு செய்த விசாரணை மலாய் வேறு. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளை நீட்டி, எது பொய் என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வாக்குமூலத்தை, கொடுத்தவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில் வாசித்துக் காட்டி, திருத்தம் செய்ய வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். தமிழில் சொன்னால் தமிழில் வாசிக்க வேண்டும். நீங்கள் தட்டுத்தடுமாறி மலாயில் சொல்லிவிட்டால் மலாயில் வாசித்ததே போதும் என்றாகிவிடும். அதனால் முதல் வாக்கியத்திலேயே தமிழில்தான் சொல்வேன் என்று சொல்லிவிடுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் காத்திருப்பதாகச் சொல்லுங்கள், கோபப்படாமல்.

கோர்ட்டிலும் அப்படித்தான். நடவடிக்கைகள் தேசிய மொழியில் நடக்கும் என்கிற தேசிய மொழிச் சட்டத்தின் 8ஆம் பிரிவே சாட்சி சொல்வதற்கு விலக்குக் கொடுக்கிறது, நீங்கள் தமிழில் சாட்சி சொல்லலாம். குற்றம்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் யாராவது சாட்சி சொன்னால், அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 270ஆம் பிரிவு. மொழிபெயர்ப்பாளர் நாலு வரியை ஒரு வரியாகச் சுருக்குகிற மாதிரித் தெரிந்தால் சும்மா நிற்காதீர்கள், கையைத் தூக்கி நீதிபதியிடம் சொல்லுங்கள். வக்கீல் கூட இருந்தால் அவரிடம் சாடை காட்டினாலே போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.